500 குதிரைகளின் தீனிச் செலவு

அமெரிக்காவில் 2006-ஆம் வருஷத்து பி.எம்.டபிள்யூ எம்5 காரைப் புதிதாக வாங்கிய சீமானுக்கு, நான்கு வருஷம் அல்லது 50,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, பத்து சிலிண்டரும் 500 குதிரை சக்தியும் கொண்ட அந்த யந்திரத்தின் க்ஷேமம் கம்பெனியின் பொறுப்பாகவே இருந்தது. கெடு முடிந்து பல காலம் கழித்து, பழைய விலையில் சிறு பின்னத்தைக் கொடுத்து அதே ரதத்தை ஓட்டி வரும் மூன்றாவது சொந்தக்காரரோ, மலிந்தது கார் மட்டுமே என்பதையும், அதன் உதிரிப் பாகங்கள் தம் பூர்வீக அந்தஸ்திலிருந்து ஒரு படிகூட இறங்கவில்லை என்பதையும் முதல் பில்லிலேயே கிரகித்துக்கொள்கிறார்.

கியர் மாற்றும் ஹைட்ராலிக் பம்ப் ஒருநாள் மௌனவிரதம் பூணும்; த்ராட்டிலை இயக்கும் மோட்டாரின் பல்சக்கரங்கள் தேயும். இவை உபகதைகள். பிரதான காவியம் கனெக்டிங் ராட் பேரிங். நிமிஷத்துக்கு 8,000 சுற்றுக்குமேல் சுழலும் கிராங்க் ஷாஃப்டைத் தழுவி நிற்கும் இந்த மெல்லிய உலோகப் பட்டைகள், யந்திரமே பாழாகும் தறுவாய்வரை தம் தேய்மானத்தை வெளியிடாத சங்கோசிகளாகையால், விவேகிகள் பழைய ஆயிலைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, அதில் ஈயமும் செம்பும் எவ்வளவென்று ஜாதகம் பார்த்து, தோஷம் புலப்படாவிடினும் ஒரு சாந்தியாகப் பேரிங்குகளை மாற்றிவிடுகிறார்கள்.

கழற்றியவற்றை அவர்கள் மேஜைமேல் பரப்பிப் பரிசோதிக்கும் காட்சி விசேஷமானது. தேய்ந்திருந்தால் தம் தீர்க்கதரிசனத்தை மெச்சிக்கொள்வார்கள். தேயாதிருந்தால் பணம் வீணானதென்று வருந்துவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? தம் பராமரிப்பின் மகிமையை அயலாருக்கு விஸ்தரித்துவிட்டு, மறுநாளே அடுத்த பாகத்துக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள்.