சும்மா ஜாலிக்குத்தான் தம்பி

திசையன்விளை அண்ணாச்சி ஷார்ஜாவுக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் அவர் ஒரு மனிதனையாவது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் அவர் கணக்கில் தற்காலிக ஏற்பாடு. புது ஆள் அறைக்குள் வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி நிமிர்வதற்குள் நிரந்தரப் பெயர் தயாராகிவிடும்.

எனக்கு வைத்த பெயர் ‘தஞ்சாவூர்’. நான் மன்னார்குடிக்காரன், திருவாரூர் மாவட்டம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். “எல்லாம் அந்தப் பக்கந்தானவே” என்று ஒரு ஜில்லாவைக் கலைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேல் கட்டிலில் வாணியம்பாடிக்காரர், அவர் ‘பாய்’. இதெல்லாம் உள்ளூர்ப் பிரிவு. அண்ணாச்சியின் உண்மையான மேதைமை வெளிநாட்டுப் பிரிவில்தான் வெளிப்படும்.

எங்கள் கம்பெனி வேன் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். காலை ஐந்தே காலுக்கு ரோலா பக்கம் கிளம்பி, அல் இத்திஹாத் ரோட்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து துபாய் சைட்டுக்குப் போய்ச் சேரும். ஓட்டுகிறவர் சியால்கோட்காரர். அவர் பெயர் ‘பச்சை’. பாகிஸ்தான் கொடி பச்சை. அதனால் அந்த நாட்டில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பச்சை. இது அண்ணாச்சியின் சொந்தச் சரக்கு இல்லை, மலையாளிகளிடமிருந்து வாங்கியது. “கொடியோட கலருலா, கௌரவந்தான?” என்பார். டாக்கா பக்கத்து எலெக்ட்ரீஷியன் ‘பெங்காலி’. எகிப்து இன்ஜினியர் ‘மிஸ்ரி’.

நேபாளத்து ஆளுக்கு ‘கூர்க்கா’. அதில் ஒரு சிக்கல் வந்தது. அவர் ஜனக்பூர்க்காரர், தராய் சமவெளி, வீட்டில் பேசுவது மைதிலி. பார்க்க பீகார்க்காரர் மாதிரி இருப்பார். அண்ணாச்சிக்கு இது பெரிய ஏமாற்றம். “நேபாளின்னா கண்ணு சின்னதா இருக்கணும்லா? ஒமக்கு ஏன் இப்பிடி இருக்கு?” என்று இந்தியில் கேட்டார். அவர் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். அண்ணாச்சி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நேபாள அரசாங்கமே ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறது என்கிற முகத்தோடு திருப்பிக் கொடுத்தார். பெயர் மட்டும் மாறவில்லை.

பிலிப்பைன்ஸ்காரருக்கு ‘கபாயன்’. இந்த ஒன்றில் அண்ணாச்சி தன்னை அறியாமல் புண்ணியம் கட்டிக்கொண்டார். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘நம்ம ஊர்க்காரர்’ என்று அர்த்தம். வளைகுடா முழுக்க எல்லோரும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தினமும் காலையில் திசையன்விளைக்காரர் ஒருவர் மணிலாக்காரரைப் பார்த்து “ஏ நம்ம ஊர்க்காரா, தள்ளி உக்காருடே” என்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே தள்ளி உட்காருகிறார்.

யாராவது முகம் சுளித்தால் அண்ணாச்சியிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: “சும்மா ஜாலிக்குத்தான் தம்பி.” அதைச் சொல்லும்போதே கை தோளில் விழும். அதற்கு மேல் கோபப்பட்டால் தப்பு உங்களுடையது. ‘ஜாலி தெரியாத ஆளு’ என்கிற இரண்டாவது பட்டமும் சேர்ந்துவிடும்.

ஆனால் இந்த ஜாலிக்கு ஒரு வாட்டம் உண்டு. மொட்டைமாடித் தண்ணீர் மாதிரி ஒரு பக்கமாகத்தான் ஓடும். இங்கிலாந்துக்கார மேனேஜருக்கும் அண்ணாச்சி பெயர் வைத்திருக்கிறார், ‘துரை’ என்று. அதைத் தமிழில்தான் சொல்வார். அதுவும் கார் கதவு சாத்தி, கார் கேட்டைத் தாண்டின பிறகு. நேரில் “சார், சார்”தான். துரையின் தோளில் அண்ணாச்சியின் கை விழுந்து நான் பார்த்ததில்லை.

2015-ல் அமீரகத்தில் பாகுபாட்டுக்கும் வெறுப்புப் பேச்சுக்கும் எதிராக ஒரு சட்டம் வந்தது. மதம், இனம், நிறம் என்று அடுக்கி, சாதியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். சைட்டில் காலைக் கூட்டத்தில் அதைப் படித்துச் சொன்னார்கள். அன்று முதல் ஒரு வாரம் அண்ணாச்சி பெயர் சொல்வதையே நிறுத்தினார். அப்போதுதான் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது: அவருக்கு யார் பெயரும் தெரியாது. டிரைவரை “ஹலோ” என்றார். எலெக்ட்ரீஷியனை “ஹலோ” என்றார். சாரத்தில் ஏறி நின்றுகொண்டு “ஹலோ! ஏ ஹலோ!” என்று கத்தினால் ஏழு நாட்டுக்காரர்கள் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எட்டாம் நாள் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகப் பச்சையும் கூர்க்காவும் திரும்ப வந்தார்கள்.

2021 நவம்பரில் அண்ணாச்சிக்கு ஒரு சோதனை வந்தது. கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். இங்கிலாந்து யார்க்‌ஷயர் அணியில் ஆடிய அஸீம் ரஃபீக், தான் பட்ட இனவெறியைப் பாராளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து சொன்ன செய்தி செல்போனில் ஓடியது. அதற்கு முன்பே கிளப் ஒரு விசாரணை வைத்திருந்தது. 43 புகாரில் ஏழு புகாரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். சக வீரர் அவரைப் ‘பாக்கி’ என்று கூப்பிட்டதை நட்போடு நடந்த கேலிப் பேச்சு என்று விசாரணை அறிக்கை தள்ளிவிட்டிருந்தது.

“நான் சொல்லல?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ரிப்போர்ட்லயே ஜாலின்னு எழுதிட்டான் பாரும். பாக்கின்னா என்னவே, மெஸ் பாக்கி மாதிரிதான?”

அதே அறிக்கையில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. ஜிம்பாப்வேயில் பிறந்த வீரரை ரஃபீக் ‘ஜிம்போ’ என்று கூப்பிட்டாராம். அது இனவெறிச் சொல் என்று குறித்திருந்தார்கள். அவன் சொன்னால் கேலி, இவன் சொன்னால் குற்றம். இதை விளக்கியதும் அண்ணாச்சிக்கே கொஞ்சம் உறுத்தியது. கிரிக்கெட்டில் அவர் நியாயஸ்தர். எல்பிடபிள்யூ என்றால் இந்தியா என்றும் பார்க்கமாட்டார்.

நான் மெதுவாகச் சொன்னேன்: “அண்ணாச்சி, ‘பாக்கி’ என்பது வெறுமனே பெயரைச் சுருக்கினது இல்லை. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் இங்கிலாந்தில் தெருவில் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டே ஆட்களை அடித்தார்கள். அந்த அடிக்கே அந்தச் சொல்லை வைத்துத்தான் பெயர்.”

“பச்சைங்களயா?”

“பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தா அடிச்சான்? நம்ம நிறத்தில் யார் போனாலும் அடி.”

“இந்தியாக்காரனையுமா?”

“திசையன்விளைக்காரர் போயிருந்தாலும்.”

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, “அப்போ ஆஸ்திரேலியாக்காரன் மட்டும் இங்கிலாந்துக்காரன ‘பாமி’ங்கான்லா?” என்று வேறு பக்கமாகப் பந்தைத் தள்ளினார்.

அதுவும் உண்மைதான். எங்கள் சைட்டிலேயே பார்க்கலாம். ஆஸ்திரேலிய இன்ஜினியர் துரையைப் ‘பாமி’ என்பார், துரை பதிலுக்கு வேறொன்று சொல்வார், இருவரும் சிரித்துக்கொள்வார்கள். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களின் கன்னம் வெயிலில் மாதுளம்பழமாகச் சிவந்ததால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். ஒரு பீர் விளம்பரத்தில் அந்தச் சொல் வந்தது பற்றி ஆஸ்திரேலியாவில் புகார் கொடுத்தவர்களும் உண்டு; அது ஒன்றும் பெரிய தப்பில்லை என்று தள்ளிவிட்டார்கள். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஆனால் நம்ம பாமியும் ஆஸியும் ஒரே கிரேடு, ஒரே மாதிரி சம்பளம், ஒரே நிழற்கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் கார் நிறுத்துகிறவர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் அதே மூச்சில் திருப்பித் தரலாம்.

டேரன் சமி கதையையும் அன்று எடுத்துப் போட்டேன். ஐபிஎல்லில் ஹைதராபாத் அணியில் ஆடியபோது அவரை ‘காலு’ என்று கூப்பிட்டார்களாம். பலசாலிக் குதிரை என்று ஏதோ அர்த்தம் என நினைத்து அவரும் சிரித்திருக்கிறார். 2020-ல்தான் ‘கறுப்பன்’ என்று தெரியவந்து கொதித்தார். அப்படிக் கூப்பிட்ட ஒருவர் பேசிய பிறகு, அன்பாகத்தான் சொன்னார்கள் என்று சமாதானமும் ஆனார்.

“அன்புதான். நான் சொல்லுதேன்லா” என்றார் அண்ணாச்சி. குதிரையை அவர் காதில் வாங்கவே இல்லை.

இவ்வளவும் பேசுகிற அண்ணாச்சியைப் பிறர் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? டிரைவர்கள் ‘மதராசி’ என்பார்கள். அன்றைக்கு அண்ணாச்சியின் ரத்த அழுத்தத்தை அளக்கக்கூடாது. “மெட்ராஸ் ஸ்டேட்டு தமிழ்நாடு ஆனது அறுபத்தொம்போதுல! மெட்ராஸு சென்னை ஆனது தொண்ணூத்தாறுல! எந்தக் காலத்துல வே இருக்கானுவ?” அரபிகள் ‘மல்பாரி’ என்பார்கள்; இவர் தமிழ் என்று விளக்குவார்; அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி ‘மல்பாரி’ என்பார்கள். கபாயன்கள் தங்களுக்குள் ‘பும்பாய்’ என்று குசுகுசுப்பார்கள். பம்பாயிலிருந்து வந்து வட்டிக்கு விடுகிறவன் என்கிற வாசனை அதில் உண்டு. அண்ணாச்சி வாழ்நாளில் பம்பாய் போனது ஒரே தடவை, ஏஜென்டிடம் விசாவுக்காக. அங்கேயும் ஏமாந்துதான் வந்தார்.

எல்லாவற்றிலும் உச்சம் முதல் நாள் விமான நிலையத்தில் நடந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து “ஹிந்தி?” என்று கேட்டிருக்கிறார். அரபியில் இந்தியனுக்கு அதுதான் சொல். அண்ணாச்சியின் அப்பா 1965 போராட்டத்தில் உள்ளே போய் வந்தவர். “நோ ஹிந்தி! ஒன்லி தமிழ்!” என்று மகன் கவுன்ட்டரில் கையைத் தட்டிச் சொன்னார். அதிகாரி மறுபடி “ஹிந்தி?” என்றார். இவர் மறுபடி மறுத்தார். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் ஒரு மலையாளி வந்து, “சேட்டா, ஒண்ணு சம்மதிச்சுப் போங்க” என்று கெஞ்சித்தான் முத்திரை விழுந்தது.

அவரை ‘ரஃபீக்’ என்றும் கூப்பிடுவார்கள். தோழன் என்று அர்த்தம். அகராதியில் அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் கார் கண்ணாடியைப் பாதி இறக்கி, விரலைச் சொடுக்கி “யா ரஃபீக்!” என்றால் அது தோழனைக் கூப்பிடுவது இல்லை என்று கூலிக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அப்படி ஒருவர் கூப்பிட்ட அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. “தோழனாம்ல தோழன்” என்று குபூஸைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார். ‘சும்மா ஜாலிக்குத்தான்’ என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் செல்போனிலும் எங்கள் டிரைவரின் நம்பர் ‘பச்சை வேன்’ என்றுதான் இருக்கிறது.

போன வாரம் அண்ணாச்சி வேனுக்கு இறங்கி வர நேரமாகிவிட்டது. நாங்கள் உட்கார்ந்தாயிற்று. வண்டியை எடுத்துவிடப் போகிறார்களே என்று மேலேயிருந்து டிரைவருக்கு போன் போட்டார். ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த செல்போன் மினுக்கியது. திரையில் பெயர் உருதுவில் ஓடியது. முன்சீட்டில் பாய். வாணியம்பாடிக்காரர், உருது எழுத்து தண்ணீர் பட்ட பாடு. குனிந்து பார்த்தார். அடுத்த கணம் வாயில் இருந்த கடக் சாயாவைக் கண்ணாடி முழுக்கத் துப்பினார். டிரைவர் முதலில் மிரண்டார். பிறகு பாயின் கண் போன இடத்தைப் பார்த்தார். இருவரும் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார்கள்.

அண்ணாச்சி மூச்சிரைக்க ஏறினார். “என்னவே சிரிப்பு?”

“ஒண்ணுமில்லை அண்ணாச்சி. உங்க பேரு திரையில வந்துது.”

“என் பேரா? அவனுக்கு என் பேரு தெரியாதுல்லா? என்ன போட்டுருக்கான்?”

பாய் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தோள் குலுங்கியது. வேன் துபாய் எல்லையைத் தாண்டியது. பாய் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் அண்ணாச்சி தன் மீன் வறுவலில் பெரிய துண்டை பாயின் தட்டில் வைத்தார். பாய் மீனைச் சாப்பிட்டார்; பெயரைச் சொல்லவில்லை. சாயங்காலம் கஃப்டீரியாவிலிருந்து சுடச்சுட சமோசா வந்தது.

“மதராசியா? மல்பாரியா? ஆமான்னா தலைய மட்டும் ஆட்டும்.”

“அதெல்லாம் இல்லை.”

“நல்ல பேரா, கெட்ட பேரா, அத மட்டுமாவது சொல்லும் பாய்.”

பாய் சமோசாவை முடித்து, கையைத் துடைத்து, அண்ணாச்சியின் தோளில் அந்தக் கையை வைத்தார்.

“சும்மா ஜாலிக்குத்தான் அண்ணாச்சி.”

அன்று இரவு பன்னிரண்டு தாண்டியும் கீழ்க் கட்டில் கிரீச் கிரீச் என்று புரண்டுகொண்டே இருந்தது. கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தஞ்சாவூரு, தூங்கிட்டீரா? இந்த உருது எழுத்த எழுத்துக்கூட்டிப் படிக்க எத்தன நாளுவே ஆவும்?”