ஆல்ப்ஸ் மலையில் தங்கும் ஊரைத் தேர்தல்: ஓர் இரவொலியியல் நோக்கு

ஆல்ப்ஸ் மலைக்கு விடுமுறையில் போகிறவர் எந்த ஊரில் அறை எடுப்பது என்னும் சிக்கல் இதுகாறும் முறைப்படி ஆராயப்படவில்லை. வழிகாட்டி நூலோர் 'காட்சி அழகு' என்று சொல்லிக் கைகழுவிவிட்டனர். இக்குறையைப் போக்க, சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்து லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஆய்வெல்லை வகுக்காத கட்டுரையாளருக்குக் கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டு டோக்கன் கிடைக்காது.

முதற்கண் உயரம். பள்ளத்தாக்கின் அடியில் லௌட்டர்புருன்னன், ஏறக்குறைய 800 மீட்டர். கிழக்குச் சரிவில் வெங்கன், 1,274. மேற்குப் பாறைச்சுவரின் தலையில் மியூரன், 1,638. பின்னிரண்டு ஊர்களிலும் காருக்கு அனுமதியில்லை. ரயிலோ கம்பிவட வண்டியோதான். 1893 முதல் பல்சக்கர ரயில் வெங்கனுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஓட்டல்வரை பெட்டியை ஏற்றுவது யார் என்பதே இங்கு எழும் வினா. கணவரே என்பர் ஒரு சாரார் (சக பயணி ஒருவரின் மனைவி, வாய்மொழி).

பனிச்சறுக்கு: ஆங்கிலேயர் ஆர்னால்ட் லன் 1922இல் மியூரனில் ஸ்லாலம் (வளைந்து வளைந்து சறுக்கும்) பந்தயம் நடத்தினார். ஆய்வாளருக்கு முட்டிவலி. இவ்வியல் முற்றிற்று.

கிரிண்டெல்வால்டில் ஜன்னலைத் திறந்தால் ஐகர் சிகரம் நிற்கும். அதன் வடமுகத்தில் 1938இல்தான் மனிதர் முதன்முதலாக ஏறி முடித்தனர். ஆனால் அவ்வூர் அடுத்த பள்ளத்தாக்கில் கிடக்கிறது. ஆய்வெல்லைக்கு வெளியே எவ்வளவு அழகிருந்து என்ன?

இனி இரவொலி. மலைநிலமாகிய குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. எனவே மலையூரை நள்ளிரவில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது பெறப்படும். தொல்காப்பியர் சுவிட்சர்லாந்து சென்றாரா என்று கேட்பது ஆய்வாளர்க்கு அழகன்று. தொல்காப்பியத்தைக் காட்டிய பிறகு நம் கருத்தரங்குகளில் யாரும் எதையும் கேட்பதில்லை.

இரவொலி மூவகைப்படும். முதலாவது மாட்டுமணி. தோல்பட்டையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கனத்த மணி. பசு நடந்துகொண்டே இருந்தால் மணியும் ஒரே தாளத்தில் ஒலிக்கும், தூங்கிவிடலாம். இரவில் அது படுத்து அசைபோடும். ஈயை விரட்டத் தலையை ஆட்டும். ஒரு 'டொங்'. அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்தது எப்போது வரும் என்று போர்வைக்குள் காத்திருப்பதுதான் நோய் (ஓட்டல் வரவேற்பறைக்காரர், வாய்மொழி, அதை மறுத்து அவர் மைத்துனர், வாய்மொழி, முன்னவர் வெளியே போயிருந்தபோது, இருவரையும் மறுத்து மைத்துனரின் பசு, நேரடிச் சான்று, இரவு 2.15, இரண்டாம் 'டொங்'குக்குப் பாடபேதம் உண்டு).

இது விளையாட்டுப் பொருளன்று. பெர்ன் மாநிலத்துத் தாழ்நில ஊரான ஆர்வாங்கனில், இரவில் மணியைக் கழற்றச் சொல்லிச் சிலர் முறையிட்டனர். 2023 டிசம்பரில் ஊரார் கூடி மணியின் பக்கமே வாக்களித்தனர்.

இரண்டாவது தேவாலய மணி. சூரிச் மாநிலத்து வேடன்ஸ்வில் ஊரின் தேவாலயம் இரவிலும் கால்மணிக்கொரு தரம் அடிக்கலாமா என்ற வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம்வரை போய், 2017இல் அடிக்கலாம் என்று தீர்ந்தது. கால், அரை, முக்கால், முழு மணிகளுக்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. அதன்மேல் மணிக்கணக்கு வேறு என்று வைத்துக்கொண்டால், இரவு பத்தேகாலிலிருந்து காலை ஆறுவரை 124 அடி. இந்த எண்ணை இனி வருவோர் கூட்டிப்பார்க்காமலே எடுத்தாளுவர். நம் ஆய்வேடுகளில் மேற்கோள் எழுத்துப்பிழையோடேயே ஏட்டுக்கு ஏடு நகர்வதால், மூலத்தை யார் பார்க்கவில்லை என்பதைப் பிழையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது நீர். லௌட்டர்புருன்னன் ஊரை ஒட்டிப் பனியாறு உருகிய வெள்ளை லூட்ஷினே ஆறு இரைந்து ஓடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரப் பாறையிலிருந்து விழும் ஸ்டௌப்பாக் அருவியை 1779இல் கண்டு கவிஞர் கதே கவிதை எழுதினார். பள்ளத்தாக்கில் சற்று உள்ளே போனால் மலைக்குள்ளேயே குடைந்து இறங்கும் ட்ரூமல்பாக் அருவி, வெள்ளம் பெருகும்போது நொடிக்கு 20,000 லிட்டர்வரை கொட்டும். ஆற்றிரைச்சலுக்கு இடைவெளி கிடையாது; 'டொங்'கையும் 124ஐயும் அது சேர்த்தே விழுங்கும். ஆகவே தங்கத் தக்க ஊர் லௌட்டர்புருன்னன் என்பது துணிபு. மேலே மேகம் மூடினால் இன்டர்லாக்கனுக்கு ரயிலேறி இறங்கவும், வெளுத்தால் வெங்கனுக்கோ மியூரனுக்கோ ஏறவும் தோதான ஊர் என்பது உபரி.

அடிக்குறிப்பாக ஒன்று: ஆற்றைப் பார்த்த அறைக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகே இவ்வாய்வு தொடங்கப்பட்டது. முன்பணம் திரும்பக் கிடைக்காது.