பின்னால் ஸ்பிரிங் இல்லை, முன்னால் ரோடு இல்லை

பழைய புல்லட்டின் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, ஷாக் அப்சார்பரே இல்லாத ஹார்ட்டெயில் சாப்பராக மாற்ற ஒருவன் ஆசைப்படுகிறான். பைத்தியக்காரன் என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த ஊரில் தன் பைத்தியக்காரத்தனத்துக்குச் சொந்தக் காசு போடுகிறவன் அவன் ஒருவன்தான். மற்ற பைத்தியங்களுக்கெல்லாம் நாம் வரி கட்டுகிறோம்.

முதலில் அவனைத் திட்டி முடித்துவிடுவோம். 1948-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் புதிய புல்லட் தலைகாட்டியபோது அதன் பெருமையே பின் சக்கரத்து ஸ்விங் ஆர்ம்தான். பல கம்பெனிகள் அப்போது பின் சக்கரத்தை இரும்புக் குழாயோடு இறுக்கி முறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தன. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் புல்லட் உருண்டது. சாப்பர்களின் தாயான ஹார்லி டேவிட்சன், தன் பெரிய வண்டிக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் கொடுத்தது 1958-இல். அதாவது ஹார்லிக்குப் பத்து வருடம் முன்பே புல்லட்டுக்கு இருந்ததை அறுத்து எறிகிறான் நம் தம்பி. எதற்கு? வண்டி ஹார்லி மாதிரி தெரிய வேண்டுமாம். அந்த ஹார்லியே 1984-இல் சாஃப்டெயில் என்று ஒன்றை இறக்கி, ஷாக்கை அடியில் ஒளித்துவைத்து, பார்வைக்கு மட்டும் ஹார்ட்டெயிலாக விற்றது. வழவழப்பான நெடுஞ்சாலையிலேயே அமெரிக்கனின் இடுப்பு தாங்கவில்லை. தம்பி ஓட்டப்போவது எங்கே? நம் தெருவில்.

தெரு என்றேனா? வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதிவைத்திருக்கிறது. ஐ.ஆர்.சி. 99. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பல்லக்கில் போவது போல ஏறி இறங்கலாம். உங்கள் தெருவில் இருப்பதை ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். மிச்சமான தார், செல்வாக்கான ஒரு வீட்டு வாசல், ஒரு நள்ளிரவு. மூன்றும் சேர்ந்தால் வேகத்தடை. வெள்ளைக் கோடு கிடையாது. பலகை கிடையாது. யாராவது விழுந்த பிறகுதான் அங்கே மேடு முளைத்த செய்தியே ஊருக்குத் தெரியும்.

ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனை மாற்றக் கூடாது என்பது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. வண்டிக்கு மட்டும்.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது. எனக்கு அதில் சண்டை இல்லை. ஃபோர்க்கை இஷ்டத்துக்கு நீட்டிய வண்டி வளைவில் யார் மேல் சாயும் என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. அதே ஆண்டு நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது. பிரிவு 182ஏ. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நல்லது. கடுமையாகவே இருக்கட்டும்.

ரோட்டை மாற்றியவருக்கு? அதுவும் அதே திருத்தத்தில் இருக்கிறது. பிரிவு 198ஏ. சாலைப் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறி, அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ அபராதம். எவ்வளவு? ஒரு லட்சம் வரை. இந்தப் பிரிவில் சிறை? கிடையாது. சாகவில்லை, ஊனமும் இல்லை, நாலு பல் மட்டும் கொட்டியது என்றால்? இந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை. பல்லைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பி தன் வண்டியில் இருபது மாற்றம் செய்தால் ஒரு லட்சம். ரோடு ஒரு ஆளைக் கொன்றால், அதிகபட்சம், அதே ஒரு லட்சம். ஹேண்டில்பார், சீட், மட்கார்டு என்று இருபதை எண்ணி முடித்தால் ஒரு பிணத்தின் விலை வந்துவிடுகிறது. தம்பிக்குக் கூடுதலாகச் சிறையும் உண்டு.

சரி, பட்டறைக்கு வாருங்கள். ஆங்கிள் கிரைண்டர் அலறுகிறது. சீட்டுக்கடியில் சேஸை அறுத்தாகிவிட்டது. பின்னால் ஒட்ட இரண்டு குழாய் வளைத்து வைத்திருக்கிறார்கள். சேஸை அசையாமல் பூட்டிவைக்கும் ஜிக் கிடையாது, கண்ணளவுதான். "அண்ணே, நேரா இருக்கா?" என்கிறான் தம்பி. "ஓட்டிப் பாரு, தெரியும்" என்கிறார் மெக்கானிக். சும்மா நிறுத்தி ஓர் ஆர்க் வெல்டிங். மேலே கசடு, உள்ளே ஓட்டை. கிரைண்டரால் வழித்து, புட்டியை அப்பி, தேய்த்து, பளபளவென்று கறுப்பு பெயின்ட். புட்டி வித்தையை அவர் எங்கே கற்றார் என்று கேட்காதீர்கள். திறப்பு விழாவுக்கு முந்தின இரவு ஏதாவது ஓர் அரசுக் கட்டடத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கேதான் பயிற்சி வகுப்பு.

இதையே ஒழுங்காகச் செய்யவும் வழி இருக்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை. பழைய புல்லட் சேஸின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். அந்த இடைவெளியை இன்ஜினே எலும்பாக நின்று மூடுகிறது. ஆகவே அறுப்பதற்கு முன்பே சேஸை ஜிக்கில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். இரண்டு சக்கரமும் இரண்டு ஊருக்குப் போகும். சீம்லெஸ் குழாய் வேண்டும். இணைப்புக்குள்ளே இறுக்கமாக ஒரு ஸ்லக் நுழைத்து, ஆர்கான் வெல்டிங் போட வேண்டும். ஆறிய பிறகு சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் ரத்தக் கோடாக மேலே வரும். வந்தால் மறுபடி அறுத்து, மறுபடி ஒட்ட வேண்டும். பின் பிரேக்கின் டார்க் ஆர்முக்குச் சேஸில் உறுதியான பிடி வேண்டும். ஃபோர்க்கின் சாய்வை மாற்றினால் ட்ரெயிலைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். குறைந்தால் வேகத்தில் ஹேண்டில் உதறும், கூடினால் மெதுவாகத் திரும்பும்போது தொப்பென்று ஒரு பக்கம் சரியும். சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரே படக் கூடாது. முன் பிரேக்கைக் கழற்றவே கூடாது. 1969-இல் வந்த ஈஸி ரைடர் படத்தின் புகழ்பெற்ற சாப்பருக்கு முன் பிரேக் கிடையாது. (அதை உருவாக்கிய கறுப்பினத்தவர்களான கிளிஃப் வாஸ், பென் ஹார்டி பெயர்களும் படத்தில் கிடையாது. கழற்றி எறிவதில் ஹாலிவுட்டும் சளைத்ததல்ல.)

இவ்வளவையும் செய்து முடித்தவன், அதைக் காட்டி முத்திரை வாங்க எங்கே போவான்?

பிரிட்டனில் இப்படி அறுத்துக் கட்டிய வண்டியை எம்.எஸ்.வி.ஏ. சோதனைக்குக் கொண்டுபோகலாம். பிரேக், விளக்கு, சத்தம் என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். தேறினால் பதிவு. ஜெர்மனியில் டூவ் நிபுணர் பார்த்து, சரியென்றால் மாற்றத்தை ஆவணத்திலேயே ஏற்றிவிடுவார்கள். நம்மிடம் சோதனை வசதி இல்லையா? ஒரகடத்தில் மத்திய அரசு பெரிய மையமே கட்டி வைத்திருக்கிறது, ஓடுதளத்தோடு. ஆனால் மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்று கொடுப்பதெல்லாம் தயாரிப்பாளர்களுக்கு. ஒற்றை வண்டிக்காரன் வெளி கேட்டில் நின்று பார்த்துக்கொள்ளலாம். மாற்றங்களுக்குத் தர விதி வகுக்கும் அதிகாரத்தைப் பிரிவு 52 மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. கேஸ் கிட்டுக்கு விதி வந்தது. மின்சாரக் கிட்டுக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு வழி வந்தது, அது நியாயம். சேஸை அறுக்கிறவனுக்கு மட்டும் வாசலே இல்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் கேட்டால், "ஒரிஜினல் மாதிரி மாத்திட்டு வா" என்பார்கள். வெளியே மரத்தடியில் புரோக்கர் காத்திருப்பார். "கலர் மாத்தினதா எழுதிடலாம் சார்." கலர் மாற்றலாம் அல்லவா? சட்டத்தில் கலருக்கு இடமிருக்கிறது.

ஆக, சிவப்புச் சாயம் தடவி விரிசல் தேடியவனும் குற்றவாளி, புட்டி அப்பியவனும் குற்றவாளி. ஒரே பிரிவு, ஒரே அபராதம். சட்டத்தின் முன் புட்டிக்கும் ஆர்கானுக்கும் இப்படியொரு சமத்துவம் கிடைத்த பிறகு, எவன் ஆர்கானுக்குக் காசு கொடுப்பான்?

நடுநடுவே கண்காட்சியும் உண்டு. பிடித்த சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து, ரோடு ரோலர் ஏற்றி, டி.வி.க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். பல ஊர்களில் நடந்திருக்கிறது. ரோலருக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ரோட்டில்தான் அதைப் பார்த்து நாளாகிறது. ஆனால் அந்தச் சைலன்சரை விற்ற கடை அடுத்த தெருவிலேயே ஜி.எஸ்.டி. பில்லோடு திறந்திருக்கிறது. அங்கே கேமரா போவதில்லை. வரி போகிறது.

மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்கிறது தெரியுமா? பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும். புடவை சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். அருமையான விதி. சாப்பரில் மூன்றும் இருக்காது. பிடியுங்கள், விடாதீர்கள். பிடித்துவிட்டு, தேர்தல் காலத்தில் அதே தெருவுக்கு வரும் வேனையும் கொஞ்சம் பாருங்கள். கூரையை வெட்டி, மேடை கட்டி, கம்பி வைத்து, எட்டுப் பேர் நின்று கையாட்டுகிறார்கள். முன் கண்ணாடியில் அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்த வெட்டுக்கு மட்டும் நாட்டில் விண்ணப்பப் படிவம் இருக்கிறது.

தம்பி வண்டியை முடித்து, பகலில் பயந்து, ராத்திரியில் எடுக்கிறான். மூன்றாவது சிக்னலில் கை காட்டி நிறுத்துகிறார்கள். சாவி பறிபோகிறது. ஹேண்டில்பார், சீட், ஃபோர்க், சேஸ், சைலன்சர், மட்கார்டு. ஆறு மாற்றம், 30,000. அதிகாரி டார்ச் அடித்து வண்டியை ஒரு சுற்று வருகிறார். வெல்டிங்கைப் பார்க்கவில்லை. பிரேக்கைப் பார்க்கவில்லை. பெட்ரோல் டேங்க்கில் வரைந்த நெருப்பைத் தடவிப் பார்க்கிறார்.

"எந்தப் பட்டறைடா? எங்க மச்சான் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான்."