உற்சாகத்துக்காகக் காத்திருப்பவர்

கேள்வி: உடன் படிப்போர் அனைவரும் தங்கள் லட்சியத்தை அறிந்தே வந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். எனக்கோ இந்தப் பாடத்தை ஏன் எடுத்தேன் என்பதே விளங்கவில்லை. படிக்க உற்சாகமும் வரவில்லை. தன்னம்பிக்கைக்கு என்ன வழி?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பதில்: லட்சியவாதிகள் என்று தாங்கள் அஞ்சும் அந்த மகானுபாவர்களில் பாதிப் பேர், தங்களைப் பார்த்து இதே அச்சத்தில்தான் புழுங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுமானம். 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தங்கள் பக்கத்துத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில், அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், தத்துவ சாஸ்திரத்தை எடுத்துக்கொண்டது பூர்வஜன்ம வாசனையாலோ மகத்தான சங்கற்பத்தாலோ அன்று. அதே கல்லூரியில் படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்ததாலும், வேறு வாங்கப் பணமில்லாததாலுமே. அந்த உறவினர் மட்டும் ரசாயனம் படித்துத் தொலைத்திருந்தால், 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கீழை மதங்களுக்கான பேராசிரியரை வேறெங்கேனும் தேடியிருக்கும்!

உற்சாகம் வந்தபின் படிக்கலாம் என்று இருப்பது, காலை எட்டரை மணிக்குக் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் கூட்டமில்லாத பெட்டி வரட்டும் என்று நடைமேடையில் நிற்பதை ஒக்கும். குரோம்பேட்டையில் முண்டியடித்து ஒற்றைக் காலை மட்டும் உள்ளே ஊன்றி, முன்னிற்பவரின் டிபன் பை விலாவில் இடிக்க நெளிகிறாரே, அவருக்கும் பரங்கிமலை வருவதற்குள் மறுகாலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கிண்டியில் அதிர்ஷ்டமிருந்தால் ஆசனமே சித்திக்கிறது. ஆகவே, இன்றிரவு மூன்றே பக்கம் படியுங்கள். தூக்கம் வந்தால் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். சில பாடநூல்களை எழுதியவர்களே தூங்கிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்.