மூத்தம்மாட காலத்துக் கவுன்

கேளு மகள். பெருநாளைக்கு ‘வின்டேஜ்’ கவுன் எடுக்கப் போறியாம். வெட்டு 1950ஆம் ஆண்டு வெட்டு, பூ மூத்தம்மாட காலத்துப் பூ, பொத்தான்கூட வயசான பொத்தானாம். விலை மட்டும் இண்டைக்குப் பொறந்தது! எடு, உன்ட காசு. ஆனா என்ன துணி எண்டு கேட்டியா? ‘பிரீமியம் துணி’ எண்டு போட்டிரிக்காம். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் எண்டு கேட்டா “நல்ல பொடியன்” எண்டு சொல்ற புரோக்கர்ட கதைதான்.

உள்பக்கத் தையலில லேபிளைப் பாரு. பொலியெஸ்டர் எண்டிரிந்தா அது பெற்றோலியத்துப் புள்ள; மூத்தம்மாவுக்கு ஒறவில்ல. லேபிள் இல்லாட்டி ஓரத்தில ரெண்டு நூலை உருவு. ஒண்டுக்கு நெருப்பு வை. உருகிக் கறுத்த மணியாத் திரண்டா பொலியெஸ்டர். கடதாசி மணத்தோட எரிஞ்சு சாம்பலா உதிர்ந்தா உடனே பருத்தி எண்டு துள்ளாத. மரக்கூழில செய்யிற ரேயோனும் அப்படித்தான் எரியும். மத்த நூலை நனைச்சு இழு. ரேயோன் நனைஞ்சா சோர்ந்து அறும், பருத்தி நனைஞ்சா பலம் கூடும். இதைக் கடைக்குள்ள வச்சுச் செய்யாத. முதலாளி உனக்கும் பில் போட்டிருவான்.

தைச்சது ஆர் எண்டும் கேளு. 2013 ஏப்ரல் 24ல டாக்காவுக்குப் பக்கத்தில ரானா பிளாசா எண்ட தையல் பெக்டரிக் கட்டிடம் இடிஞ்சு 1,134 பேர் மௌத்தானாங்க. எந்தக் கொம்பனிக்குத் தைச்சாங்க எண்டு அறிய இடிபாட்டுக்குள்ள ஆக்கள் லேபிள் தேடித் திரிஞ்சாங்க, மகள்.

நெசவு செய்யிற எங்கட மருதமுனை ஊர்க்காரன் மட்டும் என்ன மலக்கா? கைத்தறிச் சாரனைக் காட்டி, “முழுக்க எங்கட மண்ணில வெளஞ்சது” எண்டு ஒரு கடைக்காரர் என்னட்டயே விட்டார். பருத்தி எங்க காக்கா வெளஞ்சது, கடலுக்குள்ளயா? நூல் இந்தியாவில இரிந்து கப்பலில வருது, நெசவுதான் நம்மட. அதைச் சொன்னா சாரன் அவுண்டு விழுந்திருமா?

ஆனா ஒண்டு, மருதமுனையில தறி இரிக்கிற வளவுக்குள்ளயே போய்ப் பார்க்கேலும். 2004 சுனாமி தறிகளையும் கொண்டு போச்சு. மிஞ்சினவங்க திரும்ப நட்டாங்க. ஓரம் நெளிஞ்சிரிந்தா நெஞ்ச ஆளிட்டயே சண்டை பிடிக்கலாம்.

இப்ப அந்த வின்டேஜ்காரனுக்கு ஒரு மெசேஜ் போடு: நூல் என்ன, நெஞ்சது எங்க, தைச்சது ஆர்? ஒழுங்கா மறுமொழி சொன்னா எடு. “டியர், கொஞ்சம்தான் ஸ்டொக் இரிக்கு” எண்டு இதயப் படம் அனுப்பினா, மருதமுனைக்கு பஸ் ஏறித் துணியெடுத்து டெயிலரிட்டக் குடு. எந்த வருஷத்து வெட்டு வேணுமெண்டாலும் அவர் வெட்டித் தருவார்.