மதுரை டவுன் பஸ்ஸில் தனிப்பயணம்: திசை, நிழல், சில்லறை குறித்த ஓர் ஆய்வு

தனிப்பயணி என்பவர் ஒரு பையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, தன்னை எதிர்பார்த்து ஒருவரும் காத்திராத ஓர் இடத்துக்கு, அரசுப் பேருந்தில் டிக்கெட் எடுத்துப் போகிறவர். கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் கோர்ட்டு வாய்தாவுக்கும் ஒற்றை ஆளாகப் போகிறவர்கள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். போய்ச் சேருமிடத்தில் அவர்களுக்கு ஆள் உண்டு. வேன் பிடித்துப் போகும் குடும்பங்களையும் தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அவர்கள் வழியில் யாரிடமும் வழி கேட்பதில்லை. வழி கேளாத பயணத்தில் ஆராய எதுவுமில்லை.

வழி கேட்பதற்கு இந்த மண்ணில் பழைய ஆதாரங்கள் உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்புகிறவர், கையில் காசில்லாமல் எதிரே வருகிறவருக்கு, எந்தப் பக்கம் போனால் யார் சோறு போடுவார் என்று விவரமாகச் சொல்வது அவற்றின் பொது அமைப்பு. அவற்றுள் திருமுருகாற்றுப்படை மட்டும் தெய்வத்திடம் வழிகாட்டுகிறது. அது சொல்லும் முருகன் இருப்பிடங்களில் முதலாவது திருப்பரங்குன்றம், கடைசி பழமுதிர்சோலை. முன்னது மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். பின்னது என்று இன்று வணங்கப்படும் கோயில், வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர்மலை மேல் இருக்கிறது. இரண்டின் அடிவாரத்துக்கும் டவுன் பஸ் உண்டு. ஆகவே தொடக்கத்தையும் முடிவையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, நடுவிலுள்ள நான்கையும் விட்டுவிடலாம். ஆராய்ச்சி நூல்கள் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கப்படுகின்றன.

சிலப்பதிகாரம் இன்னும் கறாரான சான்று. காடுகாண் காதையில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் மூன்று வழிகளைச் சொல்கிறான். ஒவ்வொன்றிலும் உள்ள ஆபத்துகளையும் அதிசயங்களையும் சேர்த்தே சொல்கிறான். அதில் ஒரு வழி இன்றைய அழகர்மலை வழியாகப் போகிறது. ஒரு வழி கேட்டவருக்கு மூன்று வழி கிடைப்பது மாட்டுத்தாவணியில் இன்றும் மாறவில்லை. திருச்சி, சென்னை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பஸ்கள் அங்கே நிற்கும். தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும். டவுன் பஸ்ஸின் தலைமையிடம் பெரியார் பஸ் நிலையம். கோவையிலிருந்து வந்து இறங்குகிறவர் இராமேஸ்வரம் போக வேண்டுமானால் முதலில் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போயாக வேண்டும். அந்த ஒரு பயணத்திலேயே பாதி மதுரையைப் பார்த்துவிடலாம் என்பது இந்த ஏற்பாட்டில் உள்ள, யாரும் திட்டமிடாத, நன்மை.

மதுரையைச் சுற்றிய இடங்கள் சிக்கனப் பயணத்துக்கு இவ்வளவு வாகாக அமைந்ததற்கு ஒரு காரணம் சமணத் துறவிகள். அவர்கள் ஊரை விட்டு விலகி இருக்க வேண்டும். ஆனால் பிச்சைக்கு ஊருக்குள் வந்து திரும்பும் தூரத்திலும் இருக்க வேண்டும். அதனால் யானைமலை, சமணர்மலை, பரங்குன்றம், மாங்குளம் என்று நகரைச் சுற்றி வளையமாகக் குகைகளைத் தேர்ந்தார்கள். நடந்து வந்து சோறு வாங்கிப் போகும் தூரம் இரண்டாயிரம் ஆண்டு கழித்து டவுன் பஸ் ஸ்டேஜாக மாறியது. மாங்குளத்துத் தமிழி எழுத்துகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் பெயர் அதில் இருக்கிறது. பாண்டியன் பெயரைப் பார்க்க ஆகும் செலவு, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடிக்கும் செலவைத் தாண்டாது.

ஆனால் பஸ் மலைக்குப் போகாது. அது விலக்கு வரைதான் போகும். விலக்கு என்பது ஊருக்குப் பிரியும் சாலை முனை. ஒரு டீக்கடை, ஒரு வேம்பு, கட்சிக் கொடிக்கம்பங்கள் ஆகியவை அதன் உறுப்புகள். அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிடைக்கும் விடை “பக்கந்தாண்ணே”. இது ஒரு கிலோமீட்டர் முதல் நான்கு கிலோமீட்டர் வரை நீளக்கூடிய அலகு. சொல்கிறவர் வண்டியில் இருந்தால் அலகு இன்னும் நீளும்.

அடுத்தது நிழல். காலையில் அழகர்கோவிலுக்கு, அதாவது வடக்கு நோக்கிப் போகும் பஸ்ஸில், கிழக்கு வெயில் வலப்பக்க ஜன்னலில் விழும். மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயில் விழுவதும் வலப்பக்கமே. ஆக இரு வேளையும் இடப்பக்கம் நிழல். இந்தக் கண்டுபிடிப்பால் ஆண் பயணிக்கு எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான டவுன் பஸ்களில் இடப்பக்க வரிசை மகளிருக்குரியது. வலப்பக்கம் உட்கார்ந்து, துண்டை ஜன்னல் கம்பியில் கட்டி வெயிலைத் தடுப்பதே அவருக்கு மிச்சமுள்ள வழி. சித்திரை பிறந்த ஓரிரு நாளில் மதுரையில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்பதால், அப்போது நண்பகலில் இரு பாலருக்கும் சமநீதி கிடைக்கிறது.

அதே சித்திரையில் இன்னொரு விதிவிலக்கும் உண்டு. அழகரே மலையை விட்டு இறங்கி, வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நின்று, மதுரைக்கு வந்து வைகையில் இறங்குகிறார். அந்த நாட்களில் அழகர்கோவில் சாலையில் பஸ்கள் மாற்றுப்பாதையில் போகும். பார்க்க வேண்டியவர் தாமே புறப்பட்டு வருவதால் எதிர்த்திசையில் போவதில் பொருளும் இல்லை.

செலவுக் கணக்கில் முதல் இடையூறு பெண் பயணிகள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. பார்த்த இடங்களின் எண்ணிக்கையைப் பஸ் செலவால் வகுத்துச் சிக்கனத்தை அளப்பது இத்துறையின் வழக்கம். பெண்கள் விஷயத்தில் பூஜ்யத்தால் வகுக்க நேர்வதால் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆண்களுக்கு விடை கிடைக்கும்; சில்லறைதான் கிடைக்காது. நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவரைக் கண்டக்டர் பார்க்கும் பார்வை, ஆண்டுக்கணக்கில் பழகித் தேறிய ஒரு கலை. மீதியை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்து, “எறங்கும்போது கேளுங்க” என்பார். கேட்க மறந்தவரின் மீதி, கீழடியின் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் போல, வருங்கால ஆய்வாளருக்கு உரியது.

தனிப்பயணியின் மூலப் பிரச்சினை பை. இருவராக வந்தால் ஒருவர் இடம்பிடிக்க, ஒருவர் டீ குடிக்கலாம். ஒற்றை ஆள் சீட்டில் துண்டு போட்டுவிட்டு இறங்கினால், துண்டு அங்கேயும் மனம் அங்கேயும் இருக்கும். மீனாட்சியம்மன் கோயிலில் இந்தச் சிக்கல் உச்சத்தை எட்டுகிறது. 2018 பிப்ரவரித் தீ விபத்துக்குப் பின் கைபேசி உள்ளே அனுமதியில்லை. செருப்பு ஓரிடம், பை ஓரிடம், கைபேசி ஓரிடம் என்று மூன்று டோக்கன்களோடு பக்தர் உள்ளே போகிறார். நண்பகலில் கோயில் நடை சாத்தினால் நான்கு மணிவரை திறக்காது. அந்நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகாலின் தூண் நிழல் போதுமானது; 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருக்கும் பகுதியே ஓர் ஆளுக்கு மிக அதிகம்.

ஓடும் பஸ்ஸில் மட்டும் பைப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடுகிறது. நின்றுகொண்டு வருகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கேளாமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்பார். கீழக்குயில்குடி பஸ்ஸில் பதிவான ஓர் உரையாடல் மாதிரிக்கு:

“எங்குட்டுப்பா போற?”

“சமணர்மலைக்குத்தான் ஆத்தா.”

“அங்கன யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. சும்மா பாக்கப் போறேன்.”

“தனியாவா?”

இதன்பின் சற்று மௌனம் நிலவும். கேள்வி கேட்டவர் பயணியின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். வீட்டில் சண்டை, வேலை போனது, கல்யாணம் ஆகவில்லை என்ற மூன்றில் ஒன்றை அவர் மனத்துக்குள் தேர்ந்துகொள்வார். பிறகு பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் வெளியே வரும். “வெயிலுக்கு முன்னாடி எறங்கிரு. அய்யனாரு கோயில்ல கும்பிட்டுட்டுப் போ. மேல கொரங்கு கெடக்கும்” என்று அறிவுரையும் வரும். அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் ஆலமரங்களும் அடிவாரத்தில் சொன்னபடியே இருக்கும். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். செட்டிப்புடவில் தனியாக அமர்ந்த இன்னொருவர். அவரிடம் மட்டும் யாரும் தனியாவா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

எஞ்சியது கடைசி பஸ். நகருக்குள் இது ஒரு பிரச்சினையே அல்ல. மேலூர்ச் சாலையிலும் வெகுநேரம்வரை ஏதாவது ஒரு பஸ் வந்துகொண்டிருக்கும். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி போன்ற உட்கிராமங்களில்தான் சங்கடம். கடைசி பஸ் எப்போது என்று டீக்கடையில் கேட்டால் “ஆறு, ஆறரைக்கு வரும்” என்பார்கள். வரும் என்பதற்கு வரலாம் என்று பொருள் கொள்வது பாதுகாப்பு. வராதபோது ஊர்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “ஏறுங்கண்ணே, விலக்குல விட்டுர்றேன்” என்று கூட்டிப்போய் விடுவார். அந்தப் பின்சீட்டில் ஏறிய நொடியிலிருந்து பயணி தனியாளாகவும் இல்லை, பொதுப் போக்குவரத்திலும் இல்லை. ஆகவே இந்த ஆய்வின் எல்லைக்குள் அவர் வரமாட்டார்.