போகிக்குப் போன விண்டோஸ்

1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு செய்த பெட்டி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் தலைமேல் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை போட்ட அட்டை ஒவ்வொன்றாக நகர, முந்தானையில் மயில் எழும்புகிறது. "உங்கள் அட்டைக்கான ஆதரவு முடிந்தது, புதுத் தறி வாங்கவும்" என்று லியோனிலிருந்து யாரும் ஓலை அனுப்பவில்லை.

கணினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரராகவே நடத்தினார்கள்: இருப்பது தெரியும், பேச்சுவார்த்தை கிடையாது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது 2020 ஜனவரி 14, சரியாகப் போகியன்று. அமெரிக்காவிலும் யாரோ பஞ்சாங்கம் பார்க்கிறார்கள்.

மடிக்கணினியின் மூடியில் அரசு முத்திரை இருப்பதால் எடைக்குப் போடவும் மனசு வராது. நேரே பரண்.

இத்தனைக்கும் அதிலுள்ள 2 ஜிபி ரேம், ஆன்டிஎக்ஸ் என்ற இலவச லினக்ஸுக்குத் தாராளம். பென்டிரைவில் ஏற்றிச் செருகினால், வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். யூடியூப் கொஞ்சம் திணறும். கூலிக் கணக்கு எழுதவும் கரண்ட் பில் கட்டவும் யூடியூப் எதற்கு?

இதையெல்லாம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே சந்தேகம்: "சும்மா குடுக்கறான்றீங்களே சார், ஜரிகை அசல்தானா?"